தண்டவாளம் பிடுங்கியவன்

அயோவா மாநிலத்தின் டெல்மோரா ஊர் வழியாகப் போன ரயில் பாதையில் ஆல்வின் ஹ்ரூஷ்கா இருபது வருஷத்துக்கு மேல் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தான். பக்கத்திலேயே எதிரிக் கம்பெனியின் பாதையும் சிகாகோவுக்குத்தான் ஓடியது. இரண்டு கம்பெனியும் ஒன்றாக இணையப் போகின்றன என்ற சேதி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. போட்டி ஒழிந்தால் நல்ல காலம் பிறக்கும் என்று நம்பினார்கள்.

ஒழிந்தது அவர்கள் பாதைதான். ஒரே இடத்துக்கு இரண்டு பாதை எதற்கு என்றது புதுக் கம்பெனி. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போனது. ஆல்வினுக்கு வேலை போனது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்க ஒரு காண்டிராக்டர் வந்து ஆள் கேட்டார். உள்ளூரிலிருந்து போனது ஆல்வின் ஒருவன்தான்.

"வேற யாராவது பண்ணட்டுமே. நீ எதுக்கு?" என்றாள் அவன் மனைவி இர்மா.

"நான் போகலைன்னா அது அங்கேயே கிடக்கப் போகுதா?"

காப்பிக் கடையில் அவன் காதுபடவே ஒருவன் சொன்னான்: "சோறு போட்டவ சாகறதுக்குள்ள கம்மலைக் கழட்டுறான் பாரு." ஆல்வின் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

பிடுங்கும் வேலை ஊருக்குள் வந்த அன்று, தானியக் கிடங்கு நடத்திய கிளீட்டஸ் தன் லாரியைத் தண்டவாளத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மேஸ்திரி ஆல்வினைப் போய்ப் பேசச் சொன்னார்.

"வேற எவனாவது வந்திருந்தா மண்டையைப் பொளந்திருப்பேன்டா," என்றான் கிளீட்டஸ்.

"தெரியும். அதான் என்னை அனுப்பிட்டான்."

"இது போச்சுன்னா என் சோளத்தை எதுலடா ஏத்துவேன்?"

"போலீசைக் கூப்பிடப் போறாங்க. வண்டியை எடுத்துடுடா," என்றான் ஆல்வின் மெதுவாக.

கிளீட்டஸ் வண்டியைப் பின்னால் எடுத்தான். சாயங்காலத்துக்குள் கிடங்கின் முன்னால் வெறும் ஜல்லிதான் கிடந்தது.

அதன்பிறகு கிளீட்டஸ் சோளத்தை லாரியிலேயே அடுத்த பாதையின் ஸ்டேஷனுக்கு ஓட்டினான். இரண்டாவது குளிர்காலத்தில் உறைந்த ரோட்டில் லாரி சறுக்கிக் கவிழ்ந்தது. பனியிலிருந்து அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அடக்கத்தன்று ஆல்வின் நீட்டிய கையை கிளீட்டஸின் மனைவி வயோலா தொடவில்லை.

கிடங்கு மூடியது, பள்ளிக்கூடமும் மூடியது. ஆல்வின் காண்டிராக்டரோடு வேறு மாநிலங்களுக்குப் போய், செத்த பாதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முழங்கால் இரண்டும் போனபிறகுதான் திரும்பி வந்தான். இர்மா தன் தங்கை ஊருக்குப் போய்விடலாம் என்றாள். அவன் மறுக்கவில்லை.

கிளம்புமுன் வயோலா வீட்டுக் கதவைத் தட்டினான்.

"என்ன வேணும்?"

"ஊரை விட்டுப் போறோம். சொல்லிட்டுப் போகலாம்னு..."

"உங்களுக்குப் போக இடம் இருக்கு. போங்க," என்று வயோலா கதவைச் சாத்தினாள்.

தொப்பியைக் கையில் பிடித்தபடி அவன் படியிறங்கினான். இர்மா காரை ஏற்கெனவே கிளப்பி வைத்திருந்தாள்.