பிழைச் செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னவர்

அன்று காலை எங்கள் கல்லூரியின் லினக்ஸ் லேப் முழுக்கக் கறுப்புத் திரை. முந்தின நாள் அப்டேட் ஆகியிருந்தது. வழக்கம்போல அமுதவல்லிக்குப் போன் செய்தேன். அவருடைய கணவர் எடுத்தார். "அமுதா போயிட்டாங்க மேடம். விடியக்காலையில நெஞ்சு வலின்னு சொன்னாங்க. மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

குத்தாலத்திலிருந்து அவரும் சீர்காழியிலிருந்து நானும் ஒரே நாளில் இங்கே ஆசிரியர்களாக வேலைக்குச் சேர்ந்தோம். அவரிடம் படித்த உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிப் பழகிய குரல் என்பார்.

நெற்பயிரின் குலைநோயைப் போட்டோவிலிருந்து கண்டுபிடிக்கும் மாணவர் புராஜெக்ட்டுக்காக கிராபிக்ஸ் கார்டுகள் வாங்கினோம். கார்டை இயக்கும் டிரைவரின் உள்ளே இருப்பதை அந்தக் கம்பெனி யாருக்கும் காட்டாது. லினக்ஸின் மையமான கெர்னல், நிரலை இயந்திர மொழியாக்கும் எந்தக் கம்பைலரால் உருவானதோ, அதே கம்பைலரால்தான் டிரைவரையும் அதோடு இணைக்க வேண்டும். கெர்னல் புதிதாகி, எங்கள் கம்பைலர் பழையதாகவே இருந்தால் டிரைவர் ஏறாது; திரை கறுப்பாகவே நிற்கும். "நிலத்தை வித்தவன் மதகைப் பூட்டி, சாவியைத் தன் மடியிலயே வச்சுக்கிட்டான்" என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார் அமுதவல்லி.

முதல்முறை அப்படி நின்றபோது நான் நெட்டில் தேடி, "பொருந்தலைன்னாலும் கண்டுக்காதேன்னு ஒரு செட்டிங் இருக்குங்க, போட்டுடலாம்" என்றேன்.

"அதான் கண்டுட்டேனே, இனிமே எப்படிங்க?" என்று சிரித்தார். மாணவர்களைக் கூப்பிட்டுப் பிழைச் செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். "நெட்ல அப்புறம் தேடலாம். முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

ஒருமுறை மீட்டிங்கில் முதல்வர், "எதுக்கும்மா இந்த வம்பு? லினக்ஸை எடுத்துட்டு வேற போட்டுடுங்க" என்றார். நாங்களெல்லாம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "போடலாம் சார். அதுவும் ஒருநாள் நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு தெரியாத இஞ்சினியரையா நாம வெளியில அனுப்பணும்?" என்று கேட்டார் அமுதவல்லி. அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பால் தெளித்த மறுநாளே முதல்வர் என்னை அழைத்தார். "அவங்கதான் இல்லையேம்மா. லினக்ஸை எடுத்துடுவோம். நாளைக்கு மத்தியானம் ஆள் வரும்."

"காலையில நாங்க ஒருதடவை படிச்சுப் பாக்குறோம் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் மாணவர்களோடு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் இருந்த வெள்ளை எழுத்துகளை ஒரு பெண் அழுகையோடு வாசித்தாள். கெர்னலைக் கட்டிய கம்பைலர் எது, எங்களிடம் இருப்பது எது என்று இரண்டும் அதிலேயே இருந்தன. அது கேட்ட கம்பைலரை ஏற்றி, டிரைவரை மறுபடி கட்டினோம். முதல் திரையில் புள்ளி விழுந்த நெல் இலை ஒன்று பச்சையாக வந்து நின்றது. மத்தியானம் ஆள் வந்தார்; டீ குடித்துவிட்டுப் போனார்.

பிறகு, அமுதவல்லிக்கு வராத பதவி உயர்வைப் பற்றி நிர்வாகத்திடம் கேட்டேன். "போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு மேடம்? கண்டுக்காம விடுங்க" என்றார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

"அதான் கண்டுட்டேனே."