காய்க்கச் சொல்லிக் கேட்ட மரம்

பாலித் தீவின் கிந்தாமணி மலையில் தார்சாவுக்கு மரத்தோடு பேசுகிறவர் என்று பெயர். கேலிப் பெயர்தான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசினால் பத்து திரும்பி வரும், மரம் அப்படியில்லை என்று சிரிப்பார்.

அவர் தோட்டத்தின் தலைமரம், அப்பா நட்ட ஆரஞ்சு. அந்த வருடம் அதில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி ரிந்தெக்கின் இளமரங்கள் முதல் காய்ப்புக்கு நின்றன. தம்பிதான் இலையைத் திருப்பி எள்ளளவு பூச்சிகளைக் காட்டினான்.

"அண்ணே, இந்த நோய்க்கு மருந்தே இல்லையாம். பூச்சி இங்க குடிச்சுட்டு அங்க வந்து கடிக்கும். பூச்சிக்கு மருந்தடிச்சு மரத்த இப்பவே வெட்டிருங்க. என்னோடது எல்லாம் பச்சப்புள்ளைங்க."

"தும்பெக் வருதேடா! மரத்துக்குப் பூசை நாள் பக்கத்துல வரும்போது எவனாவது அருவாளத் தூக்குவானா? முடியட்டும், பாப்போம்."

தம்பி தன் தோட்டத்துக்குத் திரும்பிப் போனான். அண்ணனை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

பூசையன்று தார்சா அரிவாளின் முதுகால் அடிமரத்தை மூன்று முறை தட்டினார். பட்டையை லேசாகச் சீவிக் கஞ்சியைத் தடவினார். பூசையில் எந்த மரத்தையும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "தாத்தா, கலுங்கான் பண்டிகைக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான். கொத்துக் கொத்தாக் காய்ச்சுக் குடு."

மரம் பருவம் தப்பிப் பூத்துக் குலுங்கியது. "பாத்தியாடா, தாத்தா காதுல விழுந்திருச்சு!" என்று வேலிக்கு மேல் கத்தினார். பூத்த மரத்தில் யார் கை வைப்பார்கள்? நோய் முற்றிய மரம் அப்படித்தான் பூத்துத் தொலைக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தம்பி சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், மனிதர் அப்படி! காய்கள் கோணிக்கொண்டு, பச்சை மாறாமல், வாயில் வைக்க முடியாத கசப்போடு உதிர்ந்தன. பிறகு அவரே வெட்டினார். அதற்குள் பூச்சி வேலி தாண்டியிருந்தது.

இரண்டு பூசை கழிந்தது. தம்பி தோட்டத்தில் மரத்துக்கு ஒரு கிளையாவது மஞ்சளித்திருந்தது. அடுத்த பூசையன்று தம்பி கஞ்சிச் சட்டியோடு வந்து கூப்பிட்டான்.

"நீங்க வந்து சொல்லுங்கண்ணே. நான் சொன்னா அதுங்க கேக்காது."

குரலில் குத்தல் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தார்சாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முதல் மரத்தை மூன்று முறை தட்டினார். அவர் தோளுயரம்கூட இல்லாத மரம்.

"தாத்தா, இன்னும் இருபத்தஞ்சு நாள்தான்..." பார்வை மஞ்சள் கிளைக்குப் போனது.

"காய்க்கச் சொல்லுங்கண்ணே."

தார்சா கஞ்சிக் கையைப் பட்டையில் அழுத்திக்கொண்டார்.

"பூத்துராத தாத்தா," என்றார். "உன் கால்ல விழறேன், இப்பப் பூத்துராத."