பத்து விரலும் கறுப்பு

எனக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. அட்டன் டவுனில் துணிக்கடையில் வேலை. வாங்கிப்போன சட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களை மடிப்புப் பிரித்துச் சோதிக்காமல் விடமாட்டேன். அம்மா நேரெதிர்; கேட்டதைக் கொடுத்துவிடுவாள். புது அடையாள அட்டை எடுத்துத் தருகிறேன் என்று அவள் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் கேட்டதும் பழையதைக் கொடுத்துவிட்டாள். தேர்தல் நெருங்கியும் புதியது வரவில்லை.

"கொழும்புல இருந்து வரணும், நாங்க என்ன பண்றது?" என்றார் தலைவர்.

அவர் சொல்கிற கட்சிக்கு அம்மா போடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். நான் சந்தேகப்பட அது போதாதா? கிராம சேவகரிடம் நடையாய் நடந்து, படம் ஒட்டிய தற்காலிக அட்டை ஒன்றை வாங்கினேன். நான் பிறந்த பிறகும்கூடப் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்தவள் அம்மா. ஓட்டு என்றால் அவளுக்கு உயிர்.

தேர்தலன்று காலையில் கொழுந்தெடுத்துவிட்டு, மலையிலிருந்து நேரே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான். உள்ளே அதிகாரி அந்தத் தற்காலிக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மை பூசுவதற்கு இடது கைச் சுண்டுவிரலைக் காட்டச் சொன்னார். விரல் நகக்கண் வரை கறுத்திருந்தது.

"முன்னாடியே ஓட்டு போட்டதா?" என்றார் அரைகுறைத் தமிழில்.

"ஐயோ, இல்லைங்க ஐயா. கொழுந்துக் கறைங்க."

அவர் நம்பவில்லை. ஓரமாக நிற்கச் சொன்னார். கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் தலைவரின் மருமகனும் இருந்தான். சிரிக்கிற மாதிரி தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"ஓட்டுப் போட்டா பத்து வெரலுக்குமா ஐயா மை பூசுவாங்க?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, மை தெரிகிற இடம் தேடிக் கிடைக்காமல் கறுப்பின் மேலேயே பூசி, வாக்குச்சீட்டைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போதும் என் கோபம் ஆறவில்லை.

"அடுத்த தடவை ஓட்டன்னைக்கு வேலைக்குப் போகாதம்மா. கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டுப் போவோம்."

யாரையும் சந்தேகப்படாத அம்மா நின்று என்னைப் பார்த்தாள்.

"வெள்ளைக் கையோட போனா, கொழுந்தெடுக்கிறவ நீதானான்னு கேக்கமாட்டாங்களா?"