வெள்ளைவால் குருவிக்கு ஒரு சாட்சி

கோடை மழை விழுந்த மாந்தோப்பில் பிஞ்சுகளின் பால்வாசனையும் ஊறிய சருகின் நெடியும் கலந்து மூக்கில் ஏறும். எனக்குப் பதினோரு வயதான ஆண்டு, ஈஸ்டர் விடுமுறையின் நான்கு நாட்களை அந்த வாசனைக்குள்தான் நானும் என் அம்மாவும் கழித்தோம். திருமணிமுத்தாற்றை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் இரண்டு மைல் தள்ளி. ஐந்தாம் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

விடுமுறைக்கு முன்னால் வாத்தியார், கண்ணால் கண்ட ஒரு பறவையைப் படம் வரைந்து எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் காக்கையும் கிளியும் எழுத, நான் எங்கள் தோப்பில் ஒரே ஒரு தடவை பார்த்த குருவியை எழுதினேன்: உடம்பெல்லாம் வெள்ளை, தலை மட்டும் கருப்பு, பின்னால் இரண்டு நாடா தொங்கவிட்டதுபோல நீண்ட வால். வாத்தியார் சிவப்பு மையில் குறுக்கே 'பொய்' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எப்போது நிறுத்தலாம் என்று காத்திருந்த அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "வாத்தியாரே பொய்யின்னு எளுதீட்டாரு. இனி ஊட்டுலயே இருக்கட்டும்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "பள்ளிக்கொடம் தொறக்க இன்னும் நாலு நாளு இருக்குதுங்க. நான் போயிப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்றாள். அதற்கு முன் அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சாணி அள்ளி, பால் கறந்து, களி கிண்டி வைத்துவிட்டுக் கிளம்பினோம். கம்பளியைத் தலையோடு மடித்துப் போர்த்துகிற 'கொங்காடை'க்குள் இருவரும் ஒண்டிக்கொண்டு நடந்தோம். அன்று முழுக்க மழை. செம்போத்தும் கரிச்சானும் நனைந்து உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. எந்தச் சத்தம் எந்தக் குருவியுடையது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாதிக் குருவிகளை அவள் நின்று பார்த்ததே இல்லையாம். "வேலையில எங்க சாமி நிமுந்து பாக்கறது?" என்றாள்.

சனிக்கிழமை அது வந்தது. கரகரவென்று ஒரு குரல், தோப்போரத்துப் புளியமரத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. "அதோ!" என்று நான் கத்தியபோது அம்மா குனிந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கிளை மட்டும் ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீயும் பாத்தேன்னு சொல்லீரும்மா" என்று கெஞ்சினேன்.

"பாக்காததப் பாத்தேன்னு சொன்னா, அந்த வாத்தியாரு எளுதுனது நெசமாப் போயிரும் அம்மிணி. நாளைக்கும் வரலாம்."

ஞாயிற்றுக்கிழமையும் போய் வெறுங்கையோடு திரும்பினோம். அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மழை தூறலாகக் குறைந்திருந்தது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீருக்கு எதிரே, இலையிலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் இறங்க, அசையாமல் குந்தியிருந்தோம். கால் மரத்து, நான் எழலாமா என்று நினைத்த நேரத்தில் அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருந்தது. ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழுந்தது. வால் நாடாக்கள் பின்னாலேயே நெளிந்து மேலேறின. மறுபடியும் விழுந்தது, எழுந்தது, உதறிக்கொண்டது. அது பறந்துபோன பிறகும் அம்மா கையை எடுக்கவில்லை. "இது நம்ம தோப்புலயா இருந்துது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா என்னோடு இரண்டு மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அதுவரை அந்த வாசற்படியை மிதிக்காதவள், வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாத்தியாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நானும் பாத்தனுங்க. கொண்டக்குருவியாட்ட ஒடம்பு. வாலு ஒரு சாணுக்கு மேல இருக்குமுங்க. பொய்யின்னு எளுதுனத அடிச்சுப்போடுங்க."

வாத்தியார் நோட்டை வாங்கி விரித்தார். பிறகு அந்தச் சொல்லை அடித்தார். அம்மா நகரவில்லை. "எம் பேரையும் அதுல எளுதீருங்க, நான் ரேக வெக்கறேன்" என்றாள். என் படத்துக்குக் கீழே அவர் அம்மாவின் பெயரை எழுத, அவள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். அன்று மாலை அப்பா நோட்டை வாங்கி அந்த ரேகையை வெகுநேரம் பார்த்தார். படிப்பை நிறுத்துகிற பேச்சு பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. நான் எட்டாவது முடித்து, பயிற்சி பெற்று, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

இன்று அம்மா இல்லை. தோப்பை வெட்டி லாரிப் பட்டறை போட்டுவிட்டார்கள். வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. போன ஈஸ்டர் விடுமுறையிலும் மழை பெய்தது. பட்டறைக்குப் பின்னால் தப்பி நின்ற ஒற்றைப் புளியமரத்தடியில் குடையோடு நின்றேன். உச்சிப்பொழுது வரை ஒன்றும் வரவில்லை. மறுநாளும் போனேன்.