தப்பாப் போச்சா என்று கேட்டவர்

வியாழக்கிழமை காலை, வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றிருந்தபோது போன் அடித்தது. தையல்நாயகி அக்காவின் கணவர். "விடியக்காலைல போயிட்டாங்க தம்பி. தூக்கத்துலயே. ஒரு சிரமமும் இல்ல" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன். முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. நல்லவேளை, பதினோரு நாளைக்கு முன்பே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஒருவர் இறந்த செய்தி வந்தால் இவனுக்கு இவனுடைய நிம்மதிதான் பெரிதா என்று நீங்கள் கோபப்படலாம். எனக்கே என் மேல் கோபம் வந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நம் வேளாண் கல்லூரியில் சமீப வருஷங்களில் இறுதியாண்டு படித்த யாருக்கும் அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் காரைக்கால் பக்கம் அம்பகரத்தூர். கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். உடம்பு படுத்தும்வரை விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கங்கே சிதறிக் கிடந்த பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து, ஆளுக்கு இரண்டு மூன்று இறுதியாண்டுப் பிள்ளைகளைத் தலையில் கட்டி, "இதுங்களுக்கு வேலைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று வேலை வாங்கியவர் அவர்தான். வங்கியில் வேளாண் அலுவலராக ஹாயாக உட்கார்ந்திருந்த என்னையும் அப்படித்தான் பிடித்தார்.

அவர் யோசனை சொல்வதும் ஒரு தினுசாக இருக்கும். நான் வங்கி நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட அன்று காரைக்கால் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். அப்போது எனக்கு நல்ல கொத்தாக மீசை. பெருமையாக முறுக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த மீசையோட போனா கடன் வசூல் பண்ண வந்த ஆளு மாதிரி இருக்கும்டா சேகரு. எடுத்துட்டுப் போ" என்றார். வங்கிக்கு அப்படிப்பட்ட ஆள்தானே வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து சலூனில் நுழைந்து எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து மீசை வைக்கவே பயம்.

பரிசோதனைக் கூடத்தில் நடந்த ஒன்றை அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வார். விதையை ஈரத்தாளில் வைத்து, முளைத்ததை எண்ணி, நல்ல விதை என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் கோயில் வாசலில் ஒரு விவசாயி மறித்து, "நீங்க முளைக்கும்னு எழுதின நெல்லு என் வயல்ல முளைக்கலீங்களே" என்று கேட்டிருக்கிறார். கூடத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காகிதம் சரியாக இருக்கிறது, நமக்கென்ன என்றார்கள். அக்கா மறுநாள் காலையில் அந்த வயலுக்கே போய்விட்டார். நேரடி விதைப்புச் செய்த மறுநாளே மழை கொட்டி, தண்ணீர் வடியாமல் நின்று, விதை அத்தனையும் அழுகிப் போயிருந்தது. "என் காகிதமும் சரி, அவரு சொன்னதும் சரி. போயிப் பாக்காட்டி எனக்கு என் காகிதம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்" என்பார்.

அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் போன் வழக்கம். ஒரு பிள்ளைக்கு நாம் யோசனை சொல்லி ஒரு வருஷம் ஆனதும், நாமே அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். வேலை கிடைத்ததா, கல்யாணம் ஆனதா என்றெல்லாம் விசாரிக்கக் கூடாது. "நான் சொன்னது தப்பாப் போச்சா?" என்று ஒரே ஒரு கேள்விதான். பதிலைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு அக்காவிடம் சொல்ல வேண்டும். அவருடைய நீள நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் விழும். நம்மில் பெரிய பெரிய அதிகாரிகள்கூட இந்தக் கேள்விக்கு நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். "யோசனை சொல்லும்போது மட்டும் நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்தீங்கல்ல?" என்று அக்கா அவர்களை விட மாட்டார்.

நானும் நெளிந்தவன்தான். நெளிந்தது மட்டுமல்ல, பொய்யும் சொன்னேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து அபிநயா என்று ஒரு பெண் என்னிடம் வந்தாள். மீன்பிடிக் குடும்பம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். படிப்பு முடியும் முன்பே ஹைதராபாத் பக்கம் ஒரு விதைக் கம்பெனியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. போகலாமா சார் என்று கேட்டாள். எனக்கு அன்று என்ன மேதாவித்தனமோ தெரியவில்லை. "அவ்வளவு தூரம் எதுக்கும்மா? அரசுத் தேர்வுக்கு அறிவிப்பு வரப்போகுது, எனக்கு நல்லாத் தெரியும். வீட்ல இருந்து படி" என்றேன். எனக்கு நன்றாகத் தெரியும் என்றது டீக்கடையில் ஒருவர் சொன்னதை வைத்து. அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். அறிவிப்பு வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. என் போனில் அவள் பெயர் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா நோட்டோடு வந்து கேட்டபோது, "பேசிட்டேங்க்கா, நல்லாப் படிக்கிறாளாம்" என்றேன். என்னை நம்பி அவர் டிக் போட்டார்.

அதற்குப் பிறகு இன்னொரு வருஷமும் ஓடிவிட்டது. இதற்கிடையில் அக்கா படுக்கையில் விழுந்தார். போய்ப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். உடம்பு முடியாதவரிடம் எதற்கு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்புவேன். டாக்டர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் பயம் வந்தது. பொய்யைச் சொன்னவன் நான், நம்பியவர் அவர். அப்படியே அவர் போய்விட்டால் அந்தப் பொய்யை நான் யாரிடம் போய்த் திருப்பிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பகரத்தூர் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாதிரி இடங்களில் பெரியவர்கள் புன்னகையோடு மன்னித்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அக்கா மன்னிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்கத் திட்டினார்.

"என்கிட்ட பொய் சொன்னத விடு. அந்தப் புள்ள கூப்புடுது, நீ போன கவுத்து வச்சிருக்க. வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இருக்குங்க்கா."

"அப்பறம் இங்க உக்காந்து ஏண்டா பழம் உரிச்சிக்கிட்டிருக்க? எந்திரிச்சிப் போ. போன்ல இல்ல, நேர்ல. அவ வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

பாதி உரித்த பழத்தை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கோட்டுச்சேரிமேட்டில் அவர்கள் வீட்டு வாசலில் அபிநயாவின் அப்பா படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார். அபிநயா வெளியே வந்து என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றாள். முகத்தில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. நான் உட்காரவில்லை. "ஹைதராபாத் வேலைய வேணாம்னு நான்தாங்க சொன்னேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அப்பறம் அவ கூப்பிட்டப்ப போனும் எடுக்கல. நான் சொன்னது தப்பாப் போச்சு" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். கேள்வியாகக் கேட்க வேண்டியது. எனக்கு அப்படி வரவில்லை.

அவர் எஞ்சினை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "சாரு சொன்னாருன்னு இது அப்பவே சொல்லிச்சுங்க. கைக்கு வந்த வேலைய எந்த சாராவது வேணாம்பாரான்னு நான் நம்பல. ஊர விட்டுப் போகப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதுன்னு ரெண்டு வருசமா ஏசிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைதான் போயிற்று என்று நினைத்திருந்தேன். என் பொய்யால் வீட்டிலேயே அவள் பொய்க்காரி ஆகியிருந்தாள்.

அபிநயா அழவில்லை. "அறிவிப்பு வராதது ஒங்க தப்பு இல்ல சார். போன எடுக்காததுதான் தப்பு. ஒரு தடவ எடுத்து, தெரியலம்மான்னு சொல்லியிருந்தா அப்பவே வேற வழி பாத்திருப்பேன்" என்றாள். அதே மாதிரி இன்னொரு கம்பெனியிலிருந்து அவளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்ததும், வந்த வேலையை விட்டவளுக்கு இன்னொரு வேலையா என்று அப்பா தடுத்து வைத்திருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எப்பம்மா அது?" என்று கேட்டார். "புதன்கெழமப்பா." "சரி, ரயில் ஏத்த நான் வர்றேன்." அவ்வளவுதான் பேச்சு. உள்ளே போனவள் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்த டீயிலேயே ருசியான டீ அதுதான்.

சாயங்காலம் மறுபடியும் அக்காவிடம் போனேன். நடந்ததை வரிவிடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திட்டினாளா?" "திட்டினா." "நல்லது" என்றார். நோட்டை எடுக்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார். "பழைய டிக்கைக் கிறுக்கி அழிச்சுடு. புதுசா ஒண்ணு நீயே போடு." போட்டேன். ஆனால் கோடு கொஞ்சம் கோணல்தான்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "சேகரு, நான் ஒனக்குச் சொன்னது ஏதாவது தப்பாப் போச்சா?"

இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. அவரிடம் இரண்டாவது பொய் வேண்டாம் என்று, "ஒண்ணு போச்சுங்க்கா. அந்த மீசை" என்றேன். வங்கித் தேர்வு முடிந்த வாரமே எனக்குப் பெண் பார்க்கப் போனதையும், மீசை வைத்த போட்டோவைப் பார்த்திருந்த பெண்வீட்டார் என்னை விட்டுவிட்டு மீசையோடு வந்திருந்த என் தம்பியை மாப்பிள்ளை என்று நடுவில் உட்கார வைத்ததையும் முதல்முறையாக அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்ணே மனைவியாகி இத்தனை வருஷமாக என்னைக் கிண்டல் செய்வதையும் சொன்னேன். அக்கா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிடா, அத வாபஸ் வாங்கிக்கிறேன். வச்சுக்க" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அதுதான்.

அவர் போன மறுநாள் அபிநயாவிடமிருந்து போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அக்காவுக்கு அது தெரியாமலே போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வேலை கிடைத்ததா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லையே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் என் மேலுதட்டை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆமாம், மீசை வளர்கிறது. பாதிக்கு மேல் வெள்ளை. நோட்டை அவர் கணவர் என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் டிக் விழாமல் இன்னும் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அத்தனையும் அக்கா தாமே யோசனை சொன்ன பிள்ளைகள். நேற்று முதல் பெயரைக் கூப்பிட்டேன். யார் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, "அக்கா சொன்னது தப்பாப் போச்சாப்பா?" என்று கேட்டேன். அந்தப் பையன், "அக்கா இல்லாதப்ப எப்படிச் சொல்றது சார்... ஆமாங்க, தப்பாத்தான் போச்சு" என்றான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பரவால்ல, அவங்க கேக்கச் சொன்னதுதான். சொல்லு, முழுசாச் சொல்லு" என்றேன்.