வெயில் பக்கத்து விசில்

ஐந்தாவது ஃபவுலை நான் ஊதியதும் அந்தப் பெண் நேராக பெஞ்சுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜெர்சி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதற்கும் ஒரு தண்டனை கொடுக்கக் கையைப் பாதி தூக்கிவிட்டேன்.

“ஏனுங்க்கா, நீங்க நிக்கற ரிங்குல மட்டும் ரூல்ஸ் வேறைங்களா?”

அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். மிச்சமிருந்த எட்டு நிமிடமும் எனக்கு ஆட்டத்தில் மனசே ஓடவில்லை. அவளுடைய ஐந்து ஃபவுலையும் ஊதியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தும் நான்தான்.

துடியலூர் தாண்டி ஒரு கல்லூரியின் சிமெண்ட் கோர்ட். கல்லூரிப் பெண்கள் அணிகளின் ஆட்டம், மத்தியானம் மூன்று மணி வெயில். ஷாமியானாவுக்குக் கீழே பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கடைசி வருடம். பாஸ்கெட்பாலில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும், திரும்ப இறங்க முடியாது. முதல் பாதியிலேயே நான்கு ஆகிவிட்டதால் அவளுடைய கோச் மூன்றாவது குவார்ட்டர் முழுக்க அவளை உட்கார வைத்தார். நான்காவதில் இறக்கினார். இரண்டே நிமிடம், பந்தோடு என் ரிங்குக்குப் பாய்ந்து, தடுத்து நின்றவளை இடித்ததில் ஐந்தாவதும் வந்துவிட்டது. ஆள் எடுக்க வந்தவர்கள் அன்று அவளிடம் அதிகமாகப் பார்த்தது அவள் தண்ணீர் குடித்ததைத்தான்.

நான் போன வருடம்தான் ரெஃபரி தேர்வில் பாஸானேன். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் வேலை, சனி ஞாயிறு விசில். விதிப் புத்தகத்தை பஸ்ஸில்கூடப் படிப்பேன். பந்தோடு போகிறவள் இடுப்பில் கை வைத்தால் ஊதிவிடுவேன், யாராக இருந்தாலும் சரி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்று என்னோடு ஊதியவர் வேறொரு கல்லூரியின் பி.டி. சார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஊதுகிறவர். சின்னச் சின்னக் கைபடுதலை எல்லாம் கண்டுகொள்ள மாட்டார். கேட்டால் “ஆடட்டும் வுடு கண்ணு” என்பார்.

அதனால் முதலில் எனக்குக் கோபம் அவர்மேல்தான் வந்தது. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது எண்ணிப் பார்த்தேன். முதல் பாதியில் அவளுடைய அணிக்குப் பதினொரு ஃபவுல், எதிரணிக்கு மூன்று. எதிரணி என்ன கையைக் கட்டிக்கொண்டா ஆடியது? யாரோ போனில் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் இருவரும் இடமே மாறவில்லை.

இரண்டு ரெஃபரி இருந்தால் ஆளுக்கொரு ரிங். பந்து என் பக்கம் வந்தால் நான் ரிங்குக்குக் கீழே நிற்பேன், அவர் நடுக்கோட்டருகே நிற்பார். பந்து அந்தப் பக்கம் போனால் அவர் கீழே, நான் நடுவில். ரிங்குக்குக் கீழே நிற்பவரின் விசில்தான் அதிகம் கேட்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஃபவுலுக்கும் பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நாங்களோ ஆட்டம் முழுக்க அவர் மேற்கு, நான் கிழக்கு என்று நட்டு வைத்த மாதிரி இருந்திருக்கிறோம். முதல் பாதியில் அவளுடைய அணி காத்தது கிழக்கு ரிங்கை. அங்கே கைபட்டாலே ஊதுகிற நான். மேற்கே காத்த எதிரணிக்கு, ஆடட்டும் வுடு.

ஏன் மாறவில்லை என்று யோசித்தபோது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மேற்கு ரிங்குக்குப் பின்னால் மூன்று மாடி லைப்ரரி, அதன் நிழல் பாதி கோர்ட் வரைக்கும் வரும். கிழக்கே தரை கொதிக்கும். ஆட்டம் தொடங்கும் முன் சார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், “சார், நீங்க நெழல்லயே இருந்துக்குங்க, வெயில்ல நான் ஓடிக்கறனுங்க.” யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். மரியாதையாம்!

அடுத்த நாள் ஆட்டம் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது சாரிடம் சொல்லிவிட்டேன்.

“சார், நேத்து நாம எடமே மாறலைங்க.”

“நீதான அம்மணி இருக்கச் சொன்னே?”

“அது தப்புங்க சார். அந்தப் புள்ளைக்கு அஞ்சும் எம்பக்கமே வந்துபோட்டுது.”

“அட, பாதில ரிங்கு மாறுதில்ல? மொதப் பாதி அவங்களுக்கு வெயிலு, ரெண்டாம் பாதி இவங்களுக்கு வெயிலு. சமமாப் போச்சு. பப்ஸ் சாப்புடு.”

“எப்படீங்க சார் சமம்? மொதப் பாதில வாங்குன நாலு ஃபவுலு அழிஞ்சா போகுது? அவ ஒக்காந்துட்டா. எதிர் டீம் ரெண்டாம் பாதில எம்பக்கம் வர்றப்ப ஒவ்வொருத்திக்கும் நாலு நாலு ஃபவுலு மிச்சம் இருக்குதுங்க. அவுங்களுக்கு என்ன பயம்?”

சார் சிரித்தார். “நீ புஸ்தகத்த ஊதற கண்ணு. நான் ஆட்டத்த ஊதறேன்.”

அவர் பொல்லாதவர் இல்லை. எந்தக் கல்லூரிக்கும் சாய மாட்டார், பிரியாணி வாங்கிக் கொடுத்தாலும் சாய மாட்டார். அவர் மட்டும் ஊதினால் ஆட்டம் ஒரு மாதிரி சரியாக இருக்கும். நான் மட்டும் ஊதினால் இன்னொரு மாதிரி சரியாக இருக்கும். இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்ததில்தான் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ரெஃபரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டேன். “ஃபவுலுக்குப் பிறகு எல்லோரும் இடம் மாறுகிறோமா?” பதினாறு கட்டைவிரல், இரண்டு கும்பிடு, ஒரு ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஒரே ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா, சீனியரப் பாத்து வெயிலுக்கு வாங்கன்னு சொல்லச் சொல்றியா? நல்லா இருக்குது போ.”

எரிச்சலில் அடுத்த இரண்டு வாரமும் விசில் இல்லாத நாட்களில் சும்மா போய் ஆட்டம் பார்த்தேன். அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரி: வேப்பமர நிழலில் சீனியர், வெயிலில் ஜூனியர், கடைசி வரை மாறவில்லை. சரி, வெயில்தான் பிரச்சினை என்று ஓர் உள்ளரங்கத்துக்குப் போனேன். மேலே கூரை, எங்கேயும் நிழல்தான். அங்கேயும் மாறவில்லை! ஒரு மூலையில் ஆள் உயர ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது எந்த ரிங் பக்கமோ அங்கே சீனியர். எனக்கு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன திங்கட்கிழமை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணே எதிரில் வந்தாள், தோளில் ஷூ தொங்கிக்கொண்டிருந்தது. ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வந்து பேசினாள்.

“ட்ரையல்ஸ் லிஸ்ட்டுல கடைசிப் பேரு நம்முளுதுங்க்கா. எங்க கோச் மிஸ் போயிக் கெஞ்சிச் சேத்துவுட்டாங்க. சனிக்கெழம மேட்ச். அதுல வுட்டா அவ்வளவுதான், அடுத்த வருசம் காலேஜே இல்ல.”

“நல்லா ஆடு.”

“யாருங்க்கா ரெஃபரி?”

“நானும் அதே சாரும்தான்.”

“ஐயோ!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்லீங்க்கா, உங்களச் சொல்லல.”

என்னைத்தான் சொன்னாள். சொல்லட்டும். அவளுக்காக சனிக்கிழமை விசிலை விழுங்கிக்கொள்ளலாமா என்று பொள்ளாச்சி பஸ் போகும் வரைக்கும் யோசித்தேன். அது இன்னொரு அநியாயம். அவளை எதிர்த்து ஆடப்போகிறவளுக்கும் அது கடைசி வருடமாக இருக்கலாம்.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாருடைய கல்லூரி மைதானத்துக்கே நேரில் போகிறேன். போனில் சொன்னால் சிரித்தே முடித்துவிடுவார். இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். இடுப்பில் கை வைத்தால் எவ்வளவு வரைக்கும் விடுவது, எங்கே ஊதுவது என்று இருவரும் சேர்ந்து ஒரே அளவாக முடிவுசெய்துகொள்ள வேண்டும். அவர் சொல்கிற அளவாக இருந்தாலும் சரி, நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். இரண்டாவது, ஒவ்வொரு ஃபவுலுக்கும் பிறகு இடம் மாறியே ஆக வேண்டும். “உனக்குத் தோணுனதச் செய் அம்மணி” என்று அலுத்துக்கொண்டால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

மாட்டேன் என்றாலும் விடப்போவதில்லை. சனிக்கிழமை முதல் ஃபவுல் அவள்மேலேயே வந்தாலும் சரி, ஊதி, ஸ்கோர் மேஜைக்கு நம்பரைக் காட்டிவிட்டு, நேராக அவர் நிற்கும் இடத்துக்கே போய் நின்றுகொள்வேன். ஒரே இடத்தில் இரண்டு ரெஃபரி நின்றால் ஊரே சிரிக்கும். அதைத் தாங்க மாட்டாமல் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போயாக வேண்டும். நான் போவதாக இல்லை.