சாக்கு

என் அக்கா தையல்காரி. ஆளைப் பார்த்ததுமே இடுப்பு எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவாள். நான் அவளுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். கைவேலை கொஞ்சம், வாய்வேலை அதிகம்.

அப்பேர்ப்பட்டவள் பெற்ற மகளிடம் கோட்டைவிட்டாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. காலையானால் "வயிறு வலிக்குதும்மா" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட எந்தப் பிள்ளைதான் அதைச் சொல்லவில்லை?

"சாக்கு சொல்லாத, கிளம்பு" என்பாள் அக்கா. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "உயரம் போடுறா, அதான் இளைக்கிறா" என்று அக்கா தையலைப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் மூன்று தடவை. பிள்ளைகள் துணியில், வளர்ந்தால் பிரித்துவிட உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். மூன்றாம் தடவை அது மடிந்து உறுத்தியது. கத்தரித்து, வெட்டுத்துணி போடும் சாக்கில் எறிந்துவிட்டாள்.

அந்த வாரமே பிள்ளை கறுப்பாக வாந்தியெடுத்து வகுப்பில் விழுந்தாள்.

"இரைப்பையில புற்றுநோய். இந்த வயசுல ரொம்ப அபூர்வம்மா, யாருக்கும் சட்டுன்னு சந்தேகம் வராது" என்றார் டாக்டர்.

"மூணு தடவ பிடிச்சேன் டாக்டர். எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்" என்றாள் அக்கா.

இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். எடை ஏறினால்தான் அடுத்த மருந்து. கரண்டி கரண்டியாக ஊட்டினோம். ஒரு மாதம் ஊசிமுனையளவும் ஏறவில்லை.

நேற்று பிள்ளை அந்தப் பாவாடையோடு வந்து நின்றாள். "சித்தி, கொக்கி எட்டல. குண்டாயிட்டேன்."

அக்கா சாக்கைத் தரையில் கவிழ்த்து, அந்த நீலத் துண்டைத் தேட ஆரம்பித்தாள்.

"புதுத்துணி இருக்கேக்கா" என்றேன்.

"அவளோடது வேணும்டி. நான் வெட்டினது."

பிள்ளையும் உட்கார்ந்து தேடினாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டே, "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். உடனே, "சாக்கு இல்லம்மா, நெசமாத்தான்" என்றாள்.

அக்கா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "எங்க வலிக்குது, காட்டு" என்றாள்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்கும்தான் வாய் இருந்தது.